வீட்டுத் தோட்டாவா, கம்பெனித் தோட்டாவா?

அமெரிக்காவில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடையே பல்லாண்டுகளாக ஓயாத ஒரு சண்டை உண்டு. துப்பாக்கியில் போட்டு வைக்கும் தோட்டா கம்பெனியில் செய்ததாக இருக்க வேண்டுமா, வீட்டு மேசையில் தானே நிரப்பியதாக இருக்கலாமா என்பதுதான் அது. மேலோட்டமாகக் கேட்டால் பொழுதுபோக்குக்காரர்களின் பேச்சு போலத் தெரியும். ஆனால் பிளாக் பாந்தர்களைப் படித்துவிட்டு ஆயுதமேந்திய தற்காப்பு பற்றி இரவெல்லாம் விவாதிக்கும் தோழர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். சுடும் அந்த ஒரு நொடியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதன்பின் நீதிமன்றத்தில் கழியும் ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கம்பெனித் தோட்டாதான். ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வீட்டில் தோட்டா நிரப்புவது அங்கே குற்றமல்ல. சுட்டு முடித்த பித்தளை உறையை எடுத்து, புது பிரைமர் பொருத்தி, வெடிமருந்தை அளந்து ஊற்றி, முனையில் குண்டை வைத்து அழுத்துகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. செய்து விற்பதானால்தான் வேண்டும். வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் செலவு குறையும் என்பதற்காகச் செய்கிறார்கள். மருந்தைத் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம் என்பதும் ஒரு காரணம். கைதேர்ந்தவர் நிரப்பிய தோட்டா கம்பெனிச் சரக்குக்கு எந்த விதத்திலும் மட்டமல்ல. ஆகவே தரத்தை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

"கடையில் விற்பது போதாதென்று, ஆளைக் கொல்வதற்கென்றே விசேஷமாகத் தோட்டா செய்தான் என்று அரசு வழக்கறிஞர் ஜூரியிடம் சொல்லிவிடுவார்." இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். சொல்லக்கூடும்தான். ஆனால் கம்பெனித் தோட்டா வைத்திருந்தால் மட்டும் சொல்லமாட்டார்களா? அரிசோனாவில் 2004இல் மலைப்பாதையில் நடந்து போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன்னை நோக்கி ஓடி வந்தவரைச் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்றார். 2006இல் பத்தாண்டு சிறை. அவர் பயன்படுத்திய 10 மி.மீ. துப்பாக்கியின் வலிமையும், உள்ளே போனதும் விரியும் ஹாலோ பாயின்ட் குண்டும் அந்த வழக்கில் பெரிய பேச்சாயின. ஹாலோ பாயின்ட் என்பது அங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகம், போலீஸ்காரர்களே பயன்படுத்துவதும் அதைத்தான். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது; அதற்குள் அவர் வாழ்க்கையில் சில ஆண்டுகள் சிறையில் போய்விட்டன. ஆக, குற்றம் சொல்ல நினைப்பவருக்கு எந்தத் தோட்டாவும் போதும்.

உண்மையான காரணம் வேறு. துப்பாக்கி வெடிக்கும்போது குண்டு மட்டும் வெளியே வருவதில்லை. புகைக்கரியும் எரியாத மருந்துத் துகள்களும் கூடவே வந்து எதிரே இருப்பவரின் உடம்பிலும் துணியிலும் படிகின்றன. நெருங்கிச் சுட்டால் அடர்த்தியாக, தள்ளிச் சுட்டால் சிதறலாக, இன்னும் தள்ளிப்போனால் ஒன்றுமே இல்லாமல். தற்காப்பு வழக்கில் இந்தத் தூரம் உயிர்நாடி. "என் கழுத்தைப் பிடிக்க வந்தான்" என்பவரின் சொல் நிற்பதும் விழுவதும் அதில்தான். தூரத்தைக் கணக்கிட ஆய்வகம் அதே துப்பாக்கியில் அதே வகைத் தோட்டாவைப் போட்டு வெவ்வேறு தூரத்தில் சுட்டுப் பார்க்கும். கம்பெனித் தோட்டாவானால் பெட்டியில் லாட் எண் இருக்கிறது, அதே தோட்டாவைக் கடையில் வாங்கலாம். வீட்டுத் தோட்டாவில் எவ்வளவு மருந்து இருந்தது என்பதற்கு யார் சாட்சி? நிரப்பியவர். அவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்.

இது கற்பனைப் பயமல்ல. 1989இல் நியூ ஜெர்சியில் ஓர் இளம்பெண் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்றார் கணவர். துப்பாக்கியில் இருந்தது வீட்டில் நிரப்பிய தோட்டா. பின்னுதைப்பு குறைவாக இருக்க மருந்தை மிகக் குறைத்துப் போட்டது என்றது எதிர்த்தரப்பு. ஆய்வகமோ முழு மருந்துள்ள கம்பெனித் தோட்டாவை வைத்துச் சோதித்தது. கைக்கெட்டும் தூரத்தில் சுட்டிருந்தால் துகள் படிந்தே தீர வேண்டும், படியவில்லை, எனவே சுட்டது வேறொருவர் என்றது அரசுத் தரப்பு. வழக்கு விசாரணைமேல் விசாரணையாக ஆண்டுக்கணக்கில் இழுத்து, கடைசியில் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்தில் முடிந்தது. அது தற்காப்பு வழக்கல்ல. அந்தக் கணவர் நிரபராதியா என்பதும் இங்கே எங்கள் பேச்சல்ல. தன் தோட்டாவைப் பற்றி அவர் சொன்னதைச் சரிபார்க்க, அவரைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை என்பதுதான் பேச்சு.

சொல்லை நம்புவதா இல்லையா என்று வந்துவிட்டால், அமெரிக்காவில் அடுத்த கேள்வி தோலின் நிறம்தான்.

1925இல் டெட்ராய்ட் நகரில் ஆசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் வெள்ளையர் தெருவில் வீடு வாங்கிக் குடிபோனார். அதற்கு முன்பே வேறு கறுப்பினக் குடும்பங்களை வெள்ளையர் கும்பல் வீட்டைவிட்டு விரட்டியிருந்ததை அவர் அறிவார். ஆகவே துப்பாக்கிகளும் தோட்டாக்களும் சேர்த்தே கொண்டுபோனார். இரண்டாம் நாள் இரவு கும்பல் திரண்டு கல்லெறிந்தது. வீட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள், வெளியே ஒரு வெள்ளையர் இறந்தார். வீட்டிலிருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு. யார் சுட்டது என்று நிறுவ முடியாததால் எல்லோரும் சேர்ந்து சதி செய்தார்கள் என்றது அரசு. முன்கூட்டியே கொண்டுவந்த ஆயுதங்கள்தான் அந்தச் சதிக்குச் சான்று! தெருவில் கும்பலே இல்லை, சிலர்தான் நின்றார்கள் என்று போலீஸ்காரர்களே சாட்சி சொன்னார்கள். கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். முதல் விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1926இல் ஸ்வீட்டின் தம்பி ஹென்றி விடுதலையானார், மற்றவர்கள் மீதான வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. வெள்ளையர் வீட்டு அலமாரியில் இருந்தால் அதே தோட்டாப் பெட்டிக்கு முன்னெச்சரிக்கை என்று பெயர்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2005 முதல் 2010 வரையிலான எஃப்.பி.ஐ. தரவுகளை அர்பன் இன்ஸ்டிட்யூட் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. வெள்ளையர் கறுப்பினத்தவரைக் கொன்ற நிகழ்வுகளில் சுமார் 11 சதவீதம் நியாயமான கொலை என்று பதிவாகியிருந்தது. கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொன்றவற்றில் அது சுமார் 1 சதவீதம். இந்த இடைவெளிக்குள் நிற்கும் ஒருவர், தன் வாய்ச்சொல்லை மட்டுமே ஆதாரமாகக் கேட்கும் தோட்டாவை எதற்குச் சுமக்க வேண்டும்?

வீட்டுத் தோட்டா ஆதரவாளர்களிடம் ஒரு நல்ல கேள்வி உண்டு: "தோட்டா வீட்டில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட தற்காப்பு வழக்கைக் காட்டு." தனியாக அந்த ஒன்றுக்காகவே என்றால் எங்களாலும் காட்ட முடியாது. ஆனால் வழக்குகள் ஒரே காரணத்தால் தோற்பதில்லை. பத்துச் சந்தேகங்கள் சேர்ந்து தோற்கின்றன. அதில் ஒன்றை நாமே செய்து கொடுப்பானேன்?

காசு பற்றிய வாதம் இன்னும் கனமானது, அதை ஒதுக்கமாட்டோம். தற்காப்புக்கான கம்பெனித் தோட்டா 20 கொண்ட சிறு பெட்டியாக, பயிற்சித் தோட்டாவைப் போலப் பல மடங்கு விலைக்கு வரும். 2020இல் கறுப்பின மக்கள் பெருமளவில் துப்பாக்கி வாங்கியபோது கடைகளில் தோட்டாவே இல்லை. அப்போது பிரைமருக்கும் பஞ்சம் என்பதால் வீட்டில் நிரப்பியவர்களும் கை பிசைந்துகொண்டுதான் நின்றார்கள். ஏழைக்கு இரண்டு வழியும் செலவுதான். அங்கே அனுபவசாலிகள் பலர் கண்டுகொண்ட ஏற்பாடு எங்களுக்குச் சரியாகப் படுகிறது. பயிற்சிக்கு வீட்டுத் தோட்டா. தற்காப்புக்கு வைக்கும் துப்பாக்கியில் கம்பெனித் தோட்டா; உள்ளூர் போலீசார் பயன்படுத்தும் அதே ரகமாக இருந்தால் இன்னும் நல்லது, அதைக் குறை சொல்ல அரசு வழக்கறிஞருக்கு வாய் வராது. மிச்சத் தோட்டாவைப் பெட்டியோடும் ரசீதோடும் பத்திரப்படுத்துகிறார்கள், நாளை ஆய்வகம் அதைத்தான் கேட்கும்.