மிதித்தும் விரையாத கார்



சென்ற ஆண்டு ஒரு மாலை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள் கோவில் நோக்கிக் குடும்பத்துடன் சென்று கொண்டிருந்தோம். முன்னே ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்தது. அதைக் கடக்க எண்ணி வலப்புறத் தடத்திற்கு மாறி ஆக்ஸிலேட்டரை மிதித்தோம். எஞ்சின் முனகியது, வேகம் ஏறவில்லை. பின்னால் ஆலைத் தொழிலாளரை ஏற்றிய பேருந்து விளக்கை மின்ன விட்டுக்கொண்டே நெருங்கி வந்தது. லாரிக்குப் பின்னே மீண்டும் ஒதுங்குவதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது. பின்னிருக்கையில் அன்னையார் ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே நம்மை அதிகம் உறுத்தியது.

இது நிகழ்ந்த இடத்தை எண்ணினால் நகைப்பும் வருகிறது. 1998இல் சான்ட்ரோ கார் பிறந்த ஹூண்டாய் ஆலை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கூட்டு ஆலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலையும் திறக்கப்பட்டன. வாகனங்களை ஓட்டிச் சோதிப்பதற்கென்றே தனிப் பாதைகள் அமைந்த ஆய்வு மையமும் அங்குண்டு. அத்தனைக்கும் நடுவில் நமது பழைய டீசல் கார் மூச்சு வாங்கி நின்றது!

மறுநாள் ஒரு பட்டறைக்குச் சென்றோம். ஸ்டியரிங்கின் கீழே கருவியைப் பொருத்திப் பார்த்த இளைஞர், "சார், டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார். செலவு நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்றும் சொன்னார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. வேறொருவரிடமும் கேட்டுப் பார்ப்போமே என்று வீடு திரும்பினோம்.

நண்பர் ஒருவர் காட்டிய முதிய மெக்கானிக் கருவியைத் தொடவேயில்லை. முதலில் வினாக்களைத் தொடுத்தார். "எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி ஏறவில்லையா, அல்லது சத்தமே ஏறவில்லையா?" சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருளாம். "ஓட்டி நிறுத்தியபின் ஏதேனும் ஒரு சக்கரம் மட்டும் அனலாய் இருக்கிறதா?" அவ்வாறிருந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின்மேல் பழியில்லை. "புகை என்ன நிறம்?" கறுப்பு என்றோம். "மிதிக்கும்போது உஸ்ஸென்று ஓசை கேட்கிறதா?" அதுவரை நாம் கவனிக்காத ஒன்று அது. மிதித்துப் பார்த்தோம், கேட்டது.

அவர் காரின் அடியில் படுத்து, டர்போவிலிருந்து செல்லும் தடித்த ரப்பர் குழாயின் கீழ்ப்புறத்தை விரலால் தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. அவ்விடத்தில் ஒரு விரல் நீளத்திற்கு வெடிப்பு இருந்தது. குழாயையும் இரு பட்டிகளையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. செலவு, முதலில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். வெளியேறும் புகையின் விசையால் டர்போவில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் உள்ள மறு சக்கரம் காற்றை அழுத்தி, அந்த ரப்பர் குழாய் வழியே எஞ்சினுக்குள் செலுத்துகிறது. கார் நின்று உறுமும்போது குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. வெடிப்பின் உதடுகள் மூடியே இருக்கும். பாரத்தோடு மிதிக்கும்போதுதான் அழுத்தம் ஏறி வெடிப்பு வாய் திறக்கிறது. வரவேண்டிய காற்று வெளியே போய்விட, டீசல் முழுதும் எரியாமல் கரும்புகையாகிறது. பட்டறையில் நிறுத்திப் பார்க்கும்போது குற்றமற்றதாய்த் தோன்றும் வண்டி சாலையில் மட்டும் கைவிடுவது இதனால்தான்.

அந்த இளைஞரின் கருவி பொய் சொல்லவில்லை. "காற்றழுத்தம் குறைவு" என்றுதான் காட்டியது. ஆனால் அது நோயின் அறிகுறி, நோயின் பெயரன்று. அழுத்தம் குறைவதற்கு டர்போ பழுதாகியிருக்கலாம். அதை இயக்கும் சிறு குழல் கழன்றிருக்கலாம். அளக்கும் சென்சாரே பிசகியிருக்கலாம். அல்லது நம் கதைபோல் ஒரு குழாய் கிழிந்திருக்கலாம். காய்ச்சல் என்றவுடன் அறுவை மேசையில் படுக்க வைக்கும் மருத்துவரை நாம் ஏற்போமா? எந்த உதிரிப்பாகத்தை மாற்றச் சொன்னாலும், "அதுதான் என்று எதை வைத்துத் தெரிந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார்.

பெட்ரோல் கார் வைத்திருப்போர்க்கும் சில சொற்கள். வேகமெடுக்கும்போது கார் குலுங்கி, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், ஸ்பார்க் பிளக்கோ காயிலோ தவறுகிறது எனக் கொள்ளலாம். அதை நாளை பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதன் உட்புறத்தையே உருக்கிவிடும். பின் புகை வெளியேற வழியின்றி, கார் நிரந்தரமாகவே மந்தமாகும். சிறு செலவு பெருஞ்செலவாகும் வழி இது.

நம் பகுதியின் புழுதியில் ஏர் ஃபில்டர் விரைவில் அடைபடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இக்காலப் பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைபட்டாலும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. ஆகவே மைலேஜ் சரியாயிருக்கிறதே என்று ஃபில்டரை மறந்துவிடலாகாது.

எத்தனால் கலந்த பெட்ரோலே எல்லாவற்றிற்கும் காரணம் என்போரும் உளர். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவே. 20 விழுக்காடு கலந்தால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். எனினும், நேற்று எளிதாய் ஏறிய மேம்பாலத்தில் இன்று திடீரெனத் திணறும் காருக்கு வேறு காரணத்தைத் தேடுவதே முறை.

பழுது தீரும்வரை நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டாம். நாமும் அவ்வாரம் முழுதும் இடத்தடத்திலேயே சென்றோம், அன்னையார் மகிழ்ந்தார்கள்.

பிரேக் பிடித்துக்கொள்வது எதனால் என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.