அடுக்குமாடிக்குப் போனாலும் கூட்டு வாழ்வு வேண்டும்

பத்து காவான் இன்று நாம் அறிந்த பழைய தோட்டக்காடு அல்ல. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அங்கே பண்டார் காசியா என்னும் புதுநகரை எழுப்பியது. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்தது. தொழிற்சாலைகள் வந்தன. லயத்தில் வாழ்ந்த நம்மவர் பலர் மாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நல்லதுதான், ஒழுகும் லயத்துக் கூரையை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம்.

ஆனால், லயத்திலே குழாய் பொது, கோயில் பொது, கல்யாணப் பந்தலும் பொது. சமையல் கழிவு கொல்லைக் கீரைக்கே எருவாச்சு. மாடி ஏறியதும் கதவைச் சாத்திக்கிட்டு, "நம்ம வீடு, நம்ம பாடு" என்று இருந்துவிடுகிறோம். இது சரியா?

டென்மார்க்கில் 1972-இலேயே பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு குடியிருப்பை அமைத்தன. வீடு அவரவருக்கு, சேர்ந்து சமைத்துச் சாப்பிடப் பொதுக்கூடம் எல்லாருக்கும். நமக்கும் இது புதுசல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் வெட்டிய தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்!

தோட்டத்தையே வாங்கிய சமுதாயத்துக்கு ஒரு மாடியைக் கட்டிக்காக்க முடியாதா? 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் நிர்வாகத்தில் பங்காளி. மாதக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காடு சேமநிதிக்கும் கட்டவேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம், செயற்குழுவுக்கும் நிற்கலாம். பாக்கி வைத்தவருக்கோ அங்கே வோட்டு கிடையாது!

"லிப்ட் ஓடலே, நான் ஏன் கட்டணும்?" என்று கேட்கிறார்கள். கட்டாவிட்டால் லிப்ட் எப்படி ஓடும்? மலிவு விலை மாடிகளின் பெரிய பழுதுகளுக்கு 80 விழுக்காடு வரை கொடுக்கும் திட்டத்தை மாநில அரசாங்கம் கொண்டுவந்தது. மிச்சத்தைப் போடவேண்டியவர்கள் குடியிருப்பாளர்கள். சேமநிதி காலியானால் அந்த உதவியும் எட்டாக்கனிதான்.

குப்பை விஷயமும் அப்படியே. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் கொள்கை பினாங்கில் 2016-இல் வந்தது. பிரிக்காமல் வீசினால் எங்கே போகும்? நம் தென் செபராங் பிறையிலேயே இருக்கிற பூலாவ் புரோங் குப்பைமேட்டுக்குத்தான். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்துப் புகைந்ததை மறந்துவிட்டோமா? நாம் கீழே வீசியது நம் மூக்குக்கே திரும்பி வந்தது.

எனவே தோழர்களே, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போங்கள். மூன்று காரியங்களைக் கேளுங்கள்: கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும், சமையல் கழிவை எருவாக்க ஓர் இடம் வேண்டும், அந்த எருவில் காய்கறி போடக் கொஞ்சம் மண் வேண்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். மாடியும் அப்படித்தான்.