கூவியரும் கோபி மஞ்சூரியனும்

உணவைப் பற்றி எழுதாத சிற்றிதழ் இன்று அரிது. ஆனால் அவ்வெழுத்துகளில் வேகும் சோறெல்லாம் ஒரே அடுப்பில்தான் வேகிறது. பாட்டியின் மண்சட்டி, அம்மியில் அரைத்த மசாலா, விறகுப் புகை, இழந்த கிராமம். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இரவு ஒன்பது மணிக்கு நின்றுகொண்டே உண்ணப்படும் ஒரு தட்டு நூடுல்ஸுக்கு அங்கு இடமில்லை. இடம் கிடைத்தாலும், பண்பாட்டுச் சீரழிவுக்கு எடுத்துக்காட்டாகவே கிடைக்கிறது. இந்தப் பார்வையோடு நமக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என இப்பகுதி இயந்திரங்களுக்காகத் திட்டமிடப்பட்டது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் மனிதன் எங்கே உண்பான் என்பதற்கு எந்த வரைபடத்திலும் கட்டம் போடவில்லை. அந்தக் கட்டத்தைத் தள்ளுவண்டிகளும், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு நடக்கும் பாஸ்ட் ஃபுட் கடைகளும் தாமாகவே போட்டுக்கொண்டன. ஓர் அடுப்பு, ஒரு பெரிய வாணலி, மோமோ வேகும் அலுமினிய அடுக்கு. கேட்ட சில நிமிடங்களில் தட்டு கைக்கு வந்துவிடும்.

இது அசல் சீன உணவே அல்ல என்பது படித்தவர்களின் முதல் குற்றச்சாட்டு. அல்லதான். ஹக்கா நூடுல்ஸின் பெயர் கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா மக்களை நினைவூட்டுகிறது. மோமோ இமயமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. மஞ்சூரியனோ, கொல்கத்தாவில் பிறந்த சீன வமிசாவளியினரான நெல்சன் வாங் 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் உருவாக்கியதாகச் சொல்லப்படுவது. மஞ்சூரியாவில் அதைத் தேடுவது வீண். ஆனால் அசலா என்ற கேள்வியைப் பரோட்டாவிடம் நாம் கேட்பதில்லையே? போர்த்துகீசியர் வழியாக வந்த மிளகாயை மிளகின் உறவாக்கிப் பெயரும் சூட்டி, சாம்பாரைத் தமிழின் சொத்து என்கிறோம். நமக்கு முன்பே வந்தவை மட்டும் மரபாகிவிடுகின்றன போலும்.

மரபுதான் வேண்டும் என்போர் மதுரைக்காஞ்சியைத் திறக்கட்டும். மாங்குடி மருதனார் மதுரையின் இரவுக் கடைத்தெருவைக் காட்டுமிடத்தில் கூவியர் வருகிறார்கள். அடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்பவர்கள். நள்ளிரவு நெருங்கும்போது தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே கண்ணயர்கிறார்கள். அரசனைப் பாட வந்த புலவருக்கு, தூங்கி வழியும் தெருவோர வியாபாரி தகுதிக்குறைவான பொருளாகப் படவில்லை. அதைப் பாடம் நடத்தி மதிப்பெண் இடுகிற நமக்கு, அதே மோதகத்தை மாவு மாற்றி ஆவியில் வைத்து விற்பவர் மட்டும் கண்ணில் படுவதில்லை.

அடுப்பருகே நிற்பவர் உள்ளூர் இளைஞராக இருக்கலாம்; நேபாளத்திலிருந்தோ டார்ஜிலிங்கிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். வெளியூர்க்காரராயின் அவர் பெயரைக் கேட்பார் இல்லை. கல்லூரி மாணவர்களும் கூசாமல் 'சைனாக்காரா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது வேடிக்கை அல்ல. 1962 போரின்போது முகத்தையும் வமிசாவளியையும் வைத்து ஏறத்தாழ 3000 இந்தியச் சீனர்கள் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். போர் ஒரு மாதத்தில் முடிந்தது, சிலருக்குச் சிறை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு, சீன உணவு விற்கும் உணவகங்களை மூட வேண்டும் என்றார் மத்திய இணையமைச்சர் ராம்தாஸ் அதாவாலே. மூடினால் யாருக்கு நட்டம்? கோதுமையும் முட்டைக்கோசும் நம் சந்தையிலிருந்து வந்தவை. பசியும் நம் ஊர்ப் பசிதான். சீனா என்று எஞ்சியிருப்பது பெயர்ப் பலகையும் சமைப்பவரின் முகமும் மட்டுமே.

அஜினோமோட்டோ என்று குரல் எழும். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் குளூட்டமேட் தக்காளியிலும் இயல்பாகவே இருக்கிறது. நம் ரசத்தைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயையும், கோபியில் கொட்டும் சிவப்புச் சாயத்தையும் குறை கூறுங்கள். அது நியாயமான வழக்கு. நெடுஞ்சாலையோர உயர்தர சைவ உணவகத்தின் மீதும் அதே வழக்கைத் தொடுங்கள்.

பாட்டியின் அடுப்பைப் பாடுவோர் அதன் முன் அமர்ந்திருந்த பாட்டியிடம் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. தொழிற்பேட்டையின் ஆயத்த ஆடை ஆலையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வெளியேறும் பெண் இரண்டு பொட்டலம் நூடுல்ஸ் வாங்கிச் செல்கிறாள். அன்று அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பாள். மண்சட்டி மணக்கும் கட்டுரைகளில் இந்த ஒரு மணி நேரத்தைத் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

இந்தக் கடைகளின் இருப்பே நாள்தோறும் ஊசலாடுகிறது. சாலை விரிவாக்கம், போக்குவரத்து நெரிசல், மேலிடத்து வருகை, ஏதேனும் ஒரு காரணம் கிடைத்தால் வண்டி தூக்கப்படும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்த உணவுச் சிறப்பிதழுக்குக் கட்டுரை தேடும் நண்பர்கள், ஓர் இரவு தொழிற்பேட்டைப் பக்கம் வந்து, வாணலி முன் நிற்பவரிடம் அந்தக் குழுவுக்கு வாக்களித்தாரா என்று விசாரித்து எழுதலாம். எழுதுமுன் அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளட்டும்.