ஆடிட்டரைத் திட்டி என்ன பயன்?

பி.காம் படிக்கிறவனுக்குக் கிருமியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு ஆடிட் கதைதான்.

2010 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் குமாரசாமி கார்த்திகேயன். நம்ம அடையாறுக்குப் பக்கத்தில், தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்காரர். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் என்.டி.எம்-1 என்சைம் இருந்தது. ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் இதை வைத்துத்தான், கடைசி ஆயுதமான கார்பபெனெம் மருந்தையே உடைத்துப் போடுகின்றன.

ஆய்வகத்தில் இதைப் பிடிக்கும் வழி சுவாரசியமானது. இந்த என்சைமுக்குத் துத்தநாகம் வேண்டும். ஈ.டி.டி.ஏ அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். மருந்தோடு அதைச் சேர்த்ததும் கிருமி அடங்கினால், திருடன் இவன்தான்!

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பெயரில் ஏன் 'புது டெல்லி' என்று சண்டை! ஓட்டையைக் காட்டிய ஆடிட்டரைத் திட்டினால் கணக்கு சரியாகிவிடுமா?

2014 மார்ச்சில் எச்1 பட்டியல் வந்தது. கார்பபெனெம் விற்றால் டாக்டர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் யாரும் புரட்டிப் பார்க்காத பேரேடு வெறும் காகிதம். அதைப் பார்ப்பது அரசின் வேலை. மயிலாப்பூரோ தி.நகரோ, சீட்டில்லாமல் கடையில் போய் ஆன்டிபயாட்டிக் கேட்காமல் இருப்பது நம் வேலை.