பொறியியலுக்குத் தமிழ் போதாதா?

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கீழ்புத்துப்பட்டு வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் பிள்ளைச்சாவடியில் ஒரு கல்விக்கூடத்தைக் காண்பர். 1984இல் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி, 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அது. அங்குப் பயிற்றுமொழி ஆங்கிலம்! 1954இல் அம்மண்ணை விட்டகன்ற பிரெஞ்சியர் தம் நாட்டில் செய்தது என்ன?

1794இல் பாரிசில் அரசு நிறுவிய எக்கோல் பொலித்தெக்கினிக்கில் மோஞ்சு என்னும் அறிஞர் வரைவடிவியலைப் பிரெஞ்சிலேயே கற்பித்தார். 1994இல் கல்வியின் மொழி பிரெஞ்சே எனச் சட்டமும் இயற்றினர். அயலார்க்கென ஆங்கில வகுப்புகள் சில இன்று உளவெனினும், பொறிஞர் பயிற்சியின் அடிப்படை பிரெஞ்சே.

தமிழகத்திலோ அண்ணா பல்கலைக்கழகம் 2010இல்தான் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கிற்று. அவ்வாண்டே தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமையும் சட்டமாயிற்று. ஆயினும், ‘தனியார் தொழிலகம் வேலை தருமா?’ என அஞ்சும் பெற்றோரைப் பழித்துப் பயனில்லை. அது வயிற்றின் அச்சம்.

கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் செறிவேற்றி உப்பு விளைவிக்கும் உழைப்பாளி, அந்நுட்பம் முழுமையும் தமிழிலேயே கையாள்கின்றான். குறை மொழியில் இல்லை. மொழிக்கும் வேலைக்கும் இடையே பிணைப்பு இன்மையில் உள்ளது. அதனை அரசு சட்டத்தால் பிணைக்கட்டும். தமிழ்த் தொழில்முனைவோர் பணி தந்து பிணைக்கட்டும்!