பாதி விதை கையில் இருக்கட்டும்!

"மழைப் பேறும் பிள்ளைப் பேறும் மகாதேவனுக்கும் தெரியாது" என்பார்கள்.

மழை எப்போது வரும், பிள்ளை எப்போது பிறக்கும் என்று கடவுளாலும் சொல்ல முடியாதாம்!

சென்னைவாசிகளுக்கு இந்தப் பழமொழியை விளக்கவே வேண்டாம். அவர்கள் அதை அனுபவித்தே பார்த்தவர்கள்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. மார்கழி மாதம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்திருந்தது.

பிற்பகலில் வானம் கறுத்தது. மழை கொட்டு கொட்டு என்று கொட்டியது! மயிலாப்பூர்ப் பக்கத்தில் சில மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தியாகராய நகர்த் தெருக்கள் வெள்ளக்காடாயின. வேலைக்குப் போனவர்கள் பலர் நள்ளிரவில்தான் வீடு திரும்பினார்கள்.

அவ்வளவு பெரிய மழை வரும் என்று வானிலை ஆய்வு மையமே முன்கூட்டிச் சொல்லவில்லை. ராடார் இருக்கிறது. செயற்கைக்கோள் இருக்கிறது. அப்படியிருந்தும் மழை ஏமாற்றிவிட்டது!

அப்படியானால், மொட்டை மாடியில் நாலு தொட்டி கீரை வளர்ப்பவர் என்ன செய்வது? வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கையும் ஒரு வாழையும் வைத்திருப்பவர் என்ன செய்வது?

வழி இருக்கிறது. அது மிகவும் எளிய வழி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது. ஒரே செடியை நம்பக் கூடாது. ஒரே தண்ணீரை நம்பக் கூடாது. அவ்வளவுதான்!

வெள்ளமும் வறட்சியும்

சென்னை பட்ட பாட்டைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2015-ம் ஆண்டு நவம்பர் மாதம் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. 1918-ம் ஆண்டுக்குப் பிறகு அப்படி ஒரு நவம்பரை ஊர் கண்டதில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 12-ந் தேதி, வர்தா புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன.

2018-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றார்கள். ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

நீரில் மூழ்கிய ஊருக்கு, நாலே ஆண்டில் ரெயிலில் தண்ணீர்!

இனி வரும் ஆண்டு எப்படி இருக்கும்? வெள்ளமாக இருக்கலாம். வறட்சியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தாலும் வியப்பதற்கு இல்லை. ஆகவே தோட்டம் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

தக்காளி தந்த பாடம்

"நாலு தொட்டிக்காக இவ்வளவு கவலையா?" என்று சிலர் கேட்கலாம்.

வானிலை மாறினால் முதலில் அடி விழுவது சமையலறையில்தான். 2021 நவம்பர் மழையின்போது சென்னையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையிலும் தாண்டியது. அப்போது ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது!

நாலு தொட்டியால் வீட்டுக் காய்கறி முழுவதும் கிடைத்துவிடாது. ஆனால் வாரம் இரண்டு நாள் கீரை கிடைக்கும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய் கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அது சின்ன உதவி அல்ல.

ஒரு கை விதையை மூன்று பங்காக்கு!

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்றார்கள் முன்னோர். அது நல்ல வார்த்தை. இன்றும் பொருந்தும். ஆனால் ஆடி பிறந்த அன்றே கையில் உள்ள விதை முழுவதையும் தூவிவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

விதையை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். முதல் பங்கை ஆடி தொடக்கத்தில் விதைக்கலாம். இரண்டாவது பங்கை 15 நாள் கழித்து விதைக்கலாம். மூன்றாவது பங்கு டப்பாவில் இருக்கட்டும்.

முதல் விதைப்பை வெயில் கருக்கினால் இரண்டாவது பிழைக்கும். இரண்டாவதை மழை அடித்துப் போனால் மூன்றாவது கையில் இருக்கும். முதல் இரண்டுமே பிழைத்துவிட்டால், மிச்ச விதை தை மாதத்துக்கு ஆகும்.

முளைக்கீரை, சிறுகீரை எல்லாம் 25 நாளில் பறிக்கலாம். ஆகவே அவற்றில் நஷ்டமும் குறைவு. மறுபடி விதைத்தால் போகிறது!

எந்தக் காலத்துக்கு எந்தச் செடி?

கத்திரி வெயிலில் தக்காளி பூக்கும். ஆனால் பூ உதிர்ந்துவிடும். உரம் போட்டும் பயன் இல்லை. செடியின் இயல்பு அது.

2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த மாதிரி வெயிலில் மனிதனே வாடும்போது தக்காளிச் செடி என்ன செய்யும்?

வெண்டையும் கொத்தவரையும் வெயில் தாங்கும். கோடையில் அவற்றை வைக்கலாம். தக்காளியைப் புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விட்டால், மழை ஓய்ந்து குளிர்ந்த காற்று வீசும்போது காய் பிடிக்கும்.

அடைமழைக் காலத்தில் இளங்கீரை சாய்ந்துவிடும். மேலே நிழல் வலை கட்டினால் மழைத்துளியின் வேகம் குறையும். பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரத்தை விரும்பும். மழைக்காலத்தில் அவை கைகொடுக்கும்.

ஏரி இருந்த இடம்

தோட்டம் போடும்போது இடத்தையும் பார்க்க வேண்டும்.

தியாகராய நகர் இருக்கும் இடத்தில் முன்பு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் நகர் அமைத்தார்கள். ஏரி போனாலும் பள்ளம் போகவில்லை. மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது!

அங்கே பப்பாளி வைத்தால், இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் அழுகிவிடும். பப்பாளிக்கு ஓர் அடி மேடு கட்டி, அதன்மேல் நட வேண்டும்.

பெசன்ட் நகரும் மயிலாப்பூரின் கடலோரப் பகுதியும் மணல் பூமி. அங்கே தண்ணீர் நிற்பதில்லை. உடனே இறங்கிவிடும். ஆகவே இலைச்சருகையும் தேங்காய் நாரையும் செடியின் அடியில் போட்டு மூடாக்கு அமைக்க வேண்டும். ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும்.

கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு ஏறும். இலையின் ஓரம் கருகினால், தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் மழை எவ்வளவு?

ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? சுமார் 900 லிட்டர்!

சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. கணக்குப் போட்டால், அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். இவ்வளவும் சாக்கடைக்குப் போகலாமா?

2003-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் போட்ட வீடுகள் ஏராளம். ஆனால் அந்தக் குழாய் இன்று அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, குழாயில் உள்ள சருகை எடுத்து, தொட்டியின் மணலைக் கழுவிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை அது. வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம்.

கோடைக்கு வேறு வழிகளும் உண்டு. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் செடிக்கு நல்லவை. ஏ.சி. பெட்டியில் இருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. அதையும் வாளியில் பிடித்து ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு அதிகம். அதைத் தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றக் கூடாது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

வானிலை அறிக்கை சில நேரம் தவறுகிறது என்பதற்காக, அதைக் கேட்காமலே இருப்பது தவறு. பல புயல்களை அது நாள் கணக்கில் முன்னதாகச் சொல்லியிருக்கிறது. பல உயிர்களைக் காத்திருக்கிறது.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 6 முதல் 11 சென்டிமீட்டர் வரை மழை பெய்யலாம். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை. சிவப்பு என்றால் அதற்கும் மேல்.

மஞ்சள் என்றதும் தொட்டியின் துளைகளையும் மாடி வடிகாலையும் பார்க்க வேண்டும். ஆரஞ்சு என்றதும் காய்த்ததைப் பறித்துவிட வேண்டும். புயல் என்றால், கைப்பிடிச் சுவர்மேல் உள்ள தொட்டிகளை உடனே கீழே இறக்க வேண்டும். காற்றில் ஒரு தொட்டி தெருவில் விழுந்தால் உயிரே போய்விடும்! உயரமான செடிகளைச் சுவர் ஓரமாகக் கூட்டி வைக்கலாம். படுக்க வைத்தாலும் தவறில்லை.

முருங்கைக் கிளை எளிதில் முறியும். மழைக்காலத்துக்கு முன்பே கிளைகளைக் குறைத்துவிட வேண்டும். வெட்டிய கிளை வீண் இல்லை. நட்டு வைத்தால் அதுவும் மரமாகும். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும்.

மாடியின் பலத்தையும் மறக்கக் கூடாது. ஒரு கன அடி ஈர மண் சுமார் 50 கிலோ எடை இருக்கும். ஆகவே மாடியில் தனி மண் வேண்டாம். தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து பையில் நிரப்பினால் பாரம் குறையும். பைகளைச் செங்கல்மேல் வைத்தால் தரையில் ஈரம் தங்காது.

மழை விட்ட பிறகு

மழை விட்டதும் உரம் போட ஓடக் கூடாது. முதலில் தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். மேல் மண்ணை லேசாகக் கிளறிவிட வேண்டும். அழுகிய இலையைக் கிள்ளி எறிய வேண்டும். மண் சற்று உலர்ந்த பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் போதும்.

தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீர் ஆபத்தானது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். பத்து நாளுக்குள் அது கொசுவாகப் பறக்கும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கீரை வளர்த்துக் காய்ச்சலை வாங்கலாமா?

விதையும் உறவும்

வளர்ப்புப் பை, விதை, தென்னை நார்க் கழிவு அடங்கிய மாடித் தோட்டத் தொகுப்பைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்து வந்திருக்கிறது. பாராட்ட வேண்டிய காரியம். விதையை மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடியிலும் தையிலும் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு மழையில் எல்லாம் போனவர் மறுபடி தொடங்க அது உதவும்.

அரசு கொடுக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரிடம் ஒரு கைப்பிடி விதை கொடுத்து வைக்கலாம். அவர் விதையை வாங்கி வைக்கலாம். கீழ்த் தளத்தில் வெள்ளம் புகுந்தாலும், மாடி வீட்டில் இருக்கும் விதை பிழைக்கும். அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் இதைவிட எளிய விதை வங்கி வேறு இல்லை!

அடையாறு ஆலமரம்

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஒரு ஆலமரம் இருக்கிறது. வயது 400-க்கும் மேல். 1989-ம் ஆண்டு அடித்த புயல் காற்றில் அதன் நடு மரம் சாய்ந்துவிட்டது.

நடு மரம் போன பிறகு மரம் பட்டுப்போயிற்றா? இல்லை! நாலு பக்கமும் இறங்கி ஊன்றியிருந்த விழுதுகள் அதைத் தாங்கிக்கொண்டன. இன்றும் தழைத்து நிற்கிறது.

ஒரே மரத்தண்டை நம்பி இருந்தால் அது அன்றே முடிந்திருக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்கும் அதேதான். ஒரு விதைப்பு போனால் இன்னொரு விதைப்பு. ஒரு செடி போனால் இன்னொரு செடி. குழாய் வறண்டால் மழைத் தண்ணீர். தன் வீட்டில் தீர்ந்தால் பக்கத்து வீட்டில்.

வானம் மனிதனின் பேச்சைக் கேட்காது. விதை டப்பா அவன் கையில்தான் இருக்கிறது. விதைக்கும் நாளில் பாதியை எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பாதிதான் மறுபடி பச்சை காட்டும்!