பிஸ்கட் டின்னில் ஒரு கண்டென்சர்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு மோரிஸ் மைனரில் கோலகிராய் வரை போய்வந்தோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். கார் 1964 மாடல். உள்ளே நான்கு பேர்: 79 வயது அப்பா, அம்மா, நான், 14 வயது மகள். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னதும், "எதுக்கு இந்த வேலை? மைவியில போனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திடலாமே!" என்றார் ஒரு நண்பர். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1974-இல் இந்தக் காரைப் பழைய காராக வாங்கினார். ஓட்டத் தெரியும், பழுதுபார்க்கத் தெரியாது. சொல்லிக் கொடுத்தவர் தோட்டத்து லோரி ஓட்டுநர். எங்களுக்கெல்லாம் அவர் டிரைவர் மாமா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசிரியையாக இருக்கும் மகளோடு கோலகிராய்க்குப் போய்விட்டார். இப்போது வயது 83. நெடுந்தூரப் பயணம் அவரால் முடியாது. "வர்றதா இருந்தா அந்த வண்டியிலேயே வா. அதையும் ஒரு தடவை பாக்கணும்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதற்குமேல் தூக்கம் வரவில்லை.

வழியில்தான் சிக்கல். கெரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982-இல் திறந்தது. காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட சாலை, நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இன்றைக்கும் பல இடங்களில் கைப்பேசி அலைவரிசை கிடையாது. யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. அந்த இடத்தில் 60 வயது கார் நின்றால் காருக்கு ஒன்றும் ஆகாது. இதய மாத்திரை சாப்பிடும் அப்பா வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மா கவலைப்பட்டது அதற்குத்தான்.

எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு மாதத்துக்கு முன்பே நான் பட்டியல் போட ஆரம்பித்தேன். முதலில் போட்ட பட்டியலைப் பார்த்தால் இன்னொரு காரையே பூட்டில் ஏற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, கார்புரேட்டர் எல்லாம் அதில் இருந்தன. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இதையெல்லாம் ரோட்டோரத்துல உன்னால மாத்த முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். "அப்ப எதுக்குடா சுமக்கற?"

அந்த ஒரு கேள்வியில் பட்டியல் பாதியானது. வழியில் நம் கையால், நம்மிடம் இருக்கும் ஸ்பேனரால், அரை மணி நேரத்தில் மாற்றக்கூடியதை மட்டும் எடுப்பது. அது நின்றால் கார் நிற்கும் என்பதாகவும் இருக்கவேண்டும். கதவுக் கைப்பிடி உடைந்தால் கயிறு போதும்.

இந்தக் கணக்கில் தேறியவை இவை. ஃபேன் பெல்ட் ஒன்று: அது அறுந்தால் தண்ணீர் பம்பும் நிற்கும், பேட்டரிக்குச் சார்ஜும் நிற்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், அவற்றுக்கான கிளிப்புகள். பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்டிரிபியூட்டர் மூடி, ஒரு காயில். நான்கு ஸ்பார்க் பிளக். ஃபியூஸ் பெட்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்தான், அதனால் மாற்றுக்கு நான்கு. இன்ஜின் எண்ணெய், பிரேக் எண்ணெய், ஐந்து லிட்டர் தண்ணீர். கொஞ்சம் ஒயர், கேபிள் டை, டேப். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். இல்லை!

ஸ்பேனர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மோரிஸ் மைனரின் போல்ட்டுகள் அங்குல அளவு. இன்றைய பட்டறைகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் கிடைக்கும். கிட்டத்தட்டப் பொருந்துவதை வைத்துத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர் தன் ஸ்பேனரைத் தானே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று: இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இப்போதைய கார்களில் நேர்மாறு. யாராவது உதவிக்கு வந்து அவசரத்தில் ஜம்ப் கேபிளை மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று பேட்டரியின் மேல் சிவப்புத் தாளில் எழுதி ஒட்டினேன்.

சில பாகங்களுக்கு ஸ்பேர் எடுத்துப் பயனில்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் டிரன்னியன் அப்படி ஒன்று. கிரீஸ் வைக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடிந்துவிடும். மைனர் ஓட்டுபவர்கள் எல்லோரும் அஞ்சும் விஷயம் இது. பிரேக்கும் அப்படித்தான். இவற்றையெல்லாம் வீட்டிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு தெரிந்த பட்டறையில் விட்டு இரண்டையும் சரிபார்த்தோம்.

எல்லாவற்றையும் அடுக்கி முடித்தபோது அம்மா வந்து நின்றார். "காருக்கு மட்டும்தான் ஸ்பேரா? உங்கப்பாவுக்கு?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் மாத்திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கு அப்பாவின் பையிலும், இன்னொரு பங்கு அம்மாவின் பையிலும் வைத்தோம். குடை, பிளாஸ்க்கில் சுடுதண்ணீர், மடக்கு நாற்காலி ஒன்றும் ஏறின.

கடைசியில் அப்பா ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே நாளிதழில் சுற்றிய பழைய சாமான்கள், துருப்பிடித்த ஸ்குருக்கள். நான் முகம் சுளித்தேன். "எல்லாம் புதுசா வாங்கிட்டேன்பா. இந்தக் குப்பை வேணாம்." அப்பா பதில் சொல்லவில்லை. டின்னைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

பாண்டிங் தாண்டி

கெரிக்கில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டோம். தெமெங்கோர் ஏரியின் பாலத்தைக் கடந்து, ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். "அந்தக் காலத்துல ராத்திரியில இந்த ரோட்டை மூடிடுவாங்க. வழியெல்லாம் ராணுவம்" என்று அப்பா மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்றம் தொடங்கியது. 1098 சிசி இன்ஜினுக்கு அது லேசான ஏற்றம் அல்ல. மூன்றாவது கியரில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தபோது கார் இருமியது. பிறகு பின்னால் பட்டாசுபோல் ஒரு வெடி. இழுவை போய்விட்டது.

சாலையோரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன். முக்கோணத்தை வைத்துவிட்டு வந்தேன். அம்மாவின் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் ஒரு கோடுகூட இல்லை. அப்பாவை மடக்கு நாற்காலியில் மர நிழலில் உட்கார வைத்தோம்.

"சாவியைப் போட்டுப் பாரு. பம்ப் டிக் டிக்குங்குதா?" என்றார். கேட்டது. அப்படியானால் பெட்ரோல் வருகிறது. "டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழட்டு. பாப்பா ஸ்டார்ட் பண்ணட்டும். பாயிண்ட்ல நெருப்பு எப்படி இருக்குன்னு சொல்லு." கியரை நியூட்ரலில் வைத்து மகள் சாவியைத் திருகினாள். பாயிண்ட் திறக்கும்போதெல்லாம் வெல்டிங் வைத்தாற்போல் பெரிய பொறி பறந்தது. "கண்டென்சர் போச்சு" என்றார் அப்பா.

கண்டென்சர் சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். பாயிண்ட் திறக்கும் நேரத்தில் மின்சாரம் அங்கே பொறியாகப் போகாமல் தாங்கிக்கொள்வது அதன் வேலை. அது கெட்டால் பிளக்குக்குப் போகவேண்டிய பலம் பாயிண்டிலேயே எரிந்துவிடும்.

நான் பெருமையாகப் புதிய கண்டென்சரை எடுத்தேன். இணையத்தில் வாங்கி, உறைகூடப் பிரிக்காதது. மாட்டினேன். கார் உடனே பிடித்தது. எல்லோரும் ஏறினோம். மூன்று கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, மறுபடி அதே இருமல், அதே வெடி, அதே நிறுத்தம். சூடு ஏறியதும் புதியதும் செத்துப்போயிருந்தது. என்னிடம் வேறு கண்டென்சர் இல்லை. மணி இரண்டரை. மேகம் கறுத்து வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் அப்பாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

அப்பா காலடியிலிருந்து டின்னை எடுத்தார். நாளிதழ்ப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரு சிறிய பொட்டலத்தின் மேல் பென்சிலில் எழுதியிருந்தது: "கண்டென்சர். 1988ல் கழட்டியது. ஓடும்." டிரைவர் மாமாவின் கோணல் எழுத்து.

அப்பாவின் கை இப்போது நடுங்கும். அந்தச் சின்ன ஸ்குருவை அவரால் பிடிக்க முடியாது. நான் பிடித்தேன், நழுவி டிஸ்டிரிபியூட்டருக்குள் விழுந்தது. அது உள்ளே போய்ச் சிக்கினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். டின்னில் காந்தம் வைத்த கம்பி ஒன்று இருந்தது. மகள் அதை விட்டு ஸ்குருவை எடுத்தாள். "தள்ளுங்கப்பா" என்று அவளே மாட்டினாள். எரிந்த பாயிண்டைத் தேய்க்கத் தாத்தா சொன்னார். தன் பையிலிருந்து நகம் தேய்க்கும் அட்டையை எடுத்து அதையும் செய்தாள். அப்பா நாற்காலியிலிருந்து வாயால் சொல்லச் சொல்ல அவள் கையால் செய்தாள். நான் குடை பிடித்தேன்.

கார் பிடித்தது. தீத்திவங்சா ஓய்விடம் வரை ஒருவரும் பேசவில்லை. அங்கிருந்து இறக்கம். ஜெலி வந்ததும்தான் அம்மா, "ஒரு தே ஓ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

ஸ்பேர் என்றால் என்ன?

அந்தத் தேநீர்க் கடையில் அப்பா சொன்னார்: "ஓட்டிப் பாக்காத சாமான் ஸ்பேர் இல்லடா. அது கடைச் சாமான்." டிரைவர் மாமாவின் வழக்கம் அது. புதிதாக ஒன்று வாங்கினால் உடனே காரில் மாட்டி ஓட்டுவார். நல்லபடி ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றித் துடைத்து, தேதி எழுதி டின்னில் வைப்பார். புதியதில் கோளாறு இருந்தால் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். டின்னில் இருப்பது வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்தது.

நான் செய்தது நேர்மாறு. தேய்ந்த பழையதை ஓட்டிக்கொண்டு, சோதிக்காத புதியதை நம்பிப் பூட்டில் வைத்தேன். பழைய கார்களுக்கு இப்போது செய்து வரும் மின்பாகங்களில், குறிப்பாகக் கண்டென்சரிலும் ரோட்டாரிலும், சில சீக்கிரமே கைவிடுகின்றன என்பது இந்தக் கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. நான் அதைக் கேட்டும் இருந்தேன். புதிது என்றால் நல்லது என்ற நினைப்பு போகவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் பழைய கார் இல்லாமல் இருக்கலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் புதிய கார் இருக்கும். பூட்டின் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயருக்குப் பதிலாகக் காற்றடிக்கும் கருவியும் பசை பாட்டிலும் மட்டும் வைத்த கார்கள் இப்போது நிறைய. டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்தப் பசை உதவாது. டயர் இருந்தால் ஜாக்கி எங்கே, அதை எங்கே முட்டுக் கொடுப்பது என்று ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். காப்புறுதியில் இலவசமாக இழுத்துப் போவது எத்தனை கிலோமீட்டர் வரை என்பதையும் படித்து வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். யார் கை தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது.

கோலகிராயில் இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். டிரைவர் மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் அப்பா முதலில் நீட்டியது அந்த நாளிதழ்த் துண்டைத்தான். மாமா வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தன் எழுத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓடுச்சா?" என்றார். "ஓடுச்சு" என்றார் அப்பா. பிறகு இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பாடு ஆறும்வரை உள்ளே வரவில்லை.

திரும்பி வந்ததும் கண்டென்சர் இரண்டு வாங்கினேன், வேறு இடத்தில். ஒவ்வொன்றையும் மாட்டி இரண்டு வாரம் ஓட்டினோம். தேறியதை மகள் நாளிதழில் சுற்றி, தேதி போட்டு டின்னில் வைத்திருக்கிறாள். "ஓடும்" என்று கீழே எழுதலாமா என்று தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள்.